செத்தபின் எண்ணினால் போதுமா?
செத்து விழும் பறவைகளைக் கணக்கெடுத்தாலே நோய் தெரிந்துவிடும் என்கிறது பறவை நோய்க் கண்காணிப்பு பற்றிய இந்தக் கட்டுரை. பறவைக் காய்ச்சலிலேயே அது முழுக்கச் சரியில்லை. வாத்துகள் பல நேரம் நோய்க்குறி காட்டாமலே வைரஸைப் பரப்பும். கிளிகளின் அலகு-இறகு நோயோ இன்னும் மோசம். அதை உண்டாக்கும் சர்க்கோவைரஸ் உடம்பில் இருந்தும் கிளி மாதக்கணக்கில் நன்றாகத் தின்னும், கத்தும்; இறகுத் தூசியிலும் எச்சத்திலும் கிருமி கொட்டிக்கொண்டிருக்கும். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒருவரின் லவ்பேர்டுக்கு இறகு உதிர்ந்தபோது பருவத்துக்கு உதிர்வதுதான் என்றார்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைதான் உண்மையைச் சொன்னது. சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் வலசைப் பறவைகளைக் கண்காணிப்பது நல்லதுதான், ஆனால் கெபுன் பாரு பறவைப் பாட்டுத் திடலில் கம்பத்தில் ஏற்றும் கூண்டுகளில் உள்ள மெர்போக் எனும் சிறு புறாக்களுக்கும் ஆரோக்கியமாக இருக்கும்போதே மாதிரி எடுக்க வேண்டும். புதிதாக வாங்கிய பறவையை எங்கே வைப்பது என்று மேலே ஒருவர் கேட்டதற்கு: புதுப்பறவையைத் தனி அறையில் வையுங்கள், ஒரே அறையில் இரண்டு கூண்டு போதாது.