சுவீடன் மறுத்திருந்தால் போர் 1940-லேயே முடிந்திருக்குமா?

"நடுநிலை நாடான சுவீடன் இரும்புத் தாது தர மறுத்திருந்தால் ஹிட்லரின் போர் 1940-லேயே முடிந்திருக்கும்" என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. இதற்கு ஆதாரம் இல்லை.

வட சுவீடனின் கிருணா பகுதித் தாது ஜெர்மனிக்கு உயிர்நாடி என்பது சரிதான். ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டன் போனது. ஆனால் மறுக்கும் சுதந்திரம் சுவீடனுக்கு எவ்வளவு இருந்தது? குளிர்காலத்தில் பால்டிக் கடலின் வடபகுதி உறையும்போது தாது நார்வேயின் நார்விக் துறைமுகம் வழியாகப் போகும். அந்த வழியைக் காப்பதற்காகவும்தான் 1940 ஏப்ரல் 9-ல் ஜெர்மனி நார்வேக்குள் புகுந்தது. மறுத்திருந்தால் சுவீடனுக்கும் அதே கதி நேர்ந்திருக்கலாம். நிலக்கரிக்கும் அந்நாடு ஜெர்மனியையே நம்பியிருந்தது.

அப்புறம், ஜூனில் பிரான்சு வீழ்ந்ததும் லொரேன் இரும்புச் சுரங்கங்களும் ஹிட்லர் வசமாயின. தரம் குறைந்த தாதுதான், ஆனாலும் ஏராளம். ஆக, மறுப்பு ஜெர்மனியைக் கடுமையாக நெருக்கியிருக்கும் என்று மட்டுமே சொல்லலாம்.