தழும்புக்கு எண்ணெய் விற்கிறார்கள்

நேற்று ராத்திரி எண்ணெய் விற்பவர் ஒருவரின் லைவைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். லிங்க் போட மாட்டேன். பெயரை மறைத்துக்கொண்டு ஒருவர், "ஆறு மாசமா உறுப்பு வளையுது, வலிக்குது சார்" என்று கேட்டார். "சின்ன வயசுல கைப்பழக்கம் இருந்திருக்கும்" என்று பதில் வந்தது. அடுத்த நிமிஷம் எண்ணெய் பாட்டிலின் விலை. கீழே வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலி. அதில் என் நண்பர்கள் சிலரும் இருந்தீர்கள்.

அந்த வளைவுக்குக் காரணம் தழும்புங்க. கைப்பழக்கத்தின் தண்டனை இல்லை. ஆணுறுப்புக்குள் விறைப்பைத் தாங்கும் உறையில் பட்ட சின்னச் சின்னக் காயம் ஆறும்போது சிலருக்குத் தடித்துப்போகிறது. தடித்த இடம் நீளாது, அதனால் அந்தப் பக்கமாக வளைகிறது. பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவர் பெய்ரோனி 1743லேயே எழுதிவைத்த நோய் இது. நாம் இன்னும் கேட்டவனின் வாலிபத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கும் இருந்தது. எழுதிவிட்டேன்.

47 வயசு, சுகர் வேறு. மாசம் ஒருமுறை லாட்ஜில் வந்து உட்காரும் ஒரு வைத்தியரிடம் பதினோரு மாசம் போனேன். அவரும் இதையேதான் கேட்டார். குற்றவாளி மாதிரித் தலையாட்டினேன். எண்ணெய், லேகியம் எல்லாம் ஆயிற்று. கடைசியில் யூராலஜிஸ்டிடம் போனால், அவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறார். மோதிர விரலுக்குக் கீழே கெட்டியாக ஒரு முடிச்சு. "இந்த முடிச்சும் அந்தத் தழும்பும் உறவுக்காரங்க" என்றார். என் அப்பாவுக்கு அந்த விரல் கடைசிவரை மடங்கியேதான் இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

"சித்த மருத்துவத்தைப் பழிக்கிறாயா?" என்று வருவீர்கள். இல்லை. நிலவேம்பு குடித்து வளர்ந்தவன் நான். லாட்ஜ் அறையைத்தான் சொல்கிறேன். "பெண்கள் இருக்கும் இடத்தில் எழுதலாமா?" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

"அப்போ கத்திதானே?" என்பவர்களுக்குச் சொல்கிறேன். வளைவு மாறிக்கொண்டிருக்கும்போது கத்தியே வைக்க மாட்டார்கள். வலிக்கு மாத்திரை இருக்கிறது. தினமும் மாட்டிக்கொள்ளும் இழுவைக் கருவி இருக்கிறது. தழும்புக்குள்ளேயே போடும் வெரபமில், இன்டர்ஃபெரான் ஊசிகள் இருக்கின்றன. தழும்பைக் கரைக்கும் கொலாஜனேஸ் ஊசிக்கு அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது. ஆய்வில் வளைவு சராசரியாக 34 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 18. உறுப்பு முறியும் ஆபத்து உண்டு என்று கட்டம் கட்டி எச்சரிக்கிறார்கள். அதிர்வலை சிகிச்சை வலியைக் குறைக்கலாம், வளைவை நிமிர்த்தாது. வைட்டமின் ஈ கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க யூராலஜி சங்கம் 2015இல் சொல்லிவிட்டது. வேலை செய்யும் மருந்து 34 என்கிறது, எண்ணெய்க்காரர் நூறு என்கிறார். இதில் யாரை நம்புவது என்று இன்னும் என்னிடம் கேட்கிறீர்கள்.

எனக்கு வெரபமிலும் இழுவையும்தான். 45 டிகிரி 30 ஆனது. நேராகவில்லை. போதும்.

போன பதினோரு மாசம்தான் திரும்ப வரவில்லை. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஹாலில் படுத்தேன். "என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேங்க" என்று அவள் பின்னால் சொன்னாள். எண்ணெய் விற்றவர் இதற்கு என்ன விலை போடுவார்?

நேற்று கேட்ட அண்ணே, யூராலஜிஸ்டைப் பாருங்க, தள்ளிப்போடாதீங்க. இன்பாக்ஸில் வாங்க, பேசலாம். சிரித்தவர்களே, அந்த ஸ்மைலியை எடுத்துவிடுங்கள். பதில் வந்திருக்கிறதா என்று அவர் திரும்ப வந்து பார்ப்பார்.