மஞ்சள் பிள்ளையாருக்கு எந்த ஆகமம்?
ஆகமம் என்னும் கோயில் விதிநூல்படி பிரதிஷ்டை செய்யாத உருவத்துக்கு வழிபாடே இல்லை என்று சிலை வழிபாடு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. பெரிய கோயில்களுக்கு அது சரி. ஆனால் ஆடி 18 அன்று எங்கள் திருவையாற்றுப் படித்துறைக்கு வந்து பாருங்கள். அம்மா ஈர மஞ்சளைப் பிடித்து வைத்து அருகம்புல் செருகினால் அதுதான் பிள்ளையார். குருக்களும் இல்லை, மந்திரமும் இல்லை. காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு எல்லாம் வைத்துக் கும்பிட்டதும் பிள்ளையாரையே ஆற்றில் கரைத்துவிடுவோம். மேட்டூர்த் தண்ணீர் வராத ஒரு வருஷம் தெரு அடிபம்புக்கே படையல் போட்டோம். காவேரியம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் இதை ‘வெறும் பழக்கம்’ என்கிறார். இருக்கட்டுமே, அதற்காகத்தான் என் தங்கை சென்னையிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். அப்புறம், சுவாமிமலையில் வார்க்கும் உற்சவர் (வீதியுலா வரும் சாமி) சிலைக்கு அளவெல்லாம் சிற்ப சாஸ்திரப்படிதான். ஆனால் வார்ப்பு அச்சுக்காக முதலில் செய்யும் மெழுகு உருவின் மேல் பூசுவது மட்டும் இதே காவேரி வண்டல் மண்.