ரெண்டு நாற்காலி போடுங்க, போதும்

முந்தாநாள் சாயங்காலம் தக்கலையில் ஒரு பழக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மாவும் ரெண்டு பிள்ளைகளும். அந்த அம்மா ஆளுக்கொன்றாக ரெண்டு மட்டிப்பழம் வாங்கிப் பையன் கையில் கொடுத்துவிட்டு, பர்ஸைத் திறந்து சில்லறை தேடினார். திரும்பிப் பார்த்தால் பையன் கையில் ஒரு பழம்தான் இருக்கிறது. தங்கச்சிக்காரி அழ ஆரம்பித்தாள். கடைக்காரர் தலை நிமிராமலே, "இன்னொண்ணு எங்கடே மக்கா?" என்றார். பையன் கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டி ஒரு பதில் சொன்னான். என்ன பதில் என்று நான் எழுத வேண்டியதில்லை.

'கரகாட்டக்காரன்' வந்தது 1989ல். அவனுடைய அப்பாவே அப்போது சிலேட்டுக் குச்சியைத் தின்றுகொண்டு இருந்திருப்பார்.

நான் அந்தப் படத்தை முதலில் பார்த்தது எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில், ராத்திரி திரை கட்டிப் போட்டபோது. முன்னால் இடமில்லாமல் திரைக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்தோம். அதனால் ரொம்ப நாளைக்கு என் மனதில் செந்தில் பழத்தை மறு கையில்தான் வைத்திருந்தார். இன்னொரு சந்தேகமும் உண்டு. மட்டி, ரசகதலி, செந்துளுவன், ஏத்தன், பாளையங்கோட்டன் என்று பேர் சொல்லி வாங்குகிற ஊர் இது. எங்கள் மட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடே வந்துவிட்டது. அந்தக் காட்சி இங்கே நடந்திருந்தால், கடைக்காரர் "என்ன பழம் வேணும்?" என்று கேட்ட இடத்திலேயே காமெடி முடிந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். கவுண்டமணியையும் செந்திலையும் டிவியில் ஒருதடவை சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"தினமும்தானே பாக்கோம்?" என்பீர்கள். பார்க்கிறோம்தான். ஆதித்யாவிலும் சிரிப்பொலியிலும் காலையில் பல் தேய்க்கிற நேரத்திலேயே மூன்று நிமிஷத் துண்டுகளாக ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனாலேயே அவர்கள் சேர்ந்து நடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்பதே நமக்கு உறைக்கவில்லை. கவுண்டமணி பிறந்தது 1939, செந்தில் 1951. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

புதுப்படம் கேட்கவில்லை. மறுபடியும் ஓடிப்பிடித்து உதைக்கச் சொல்லவில்லை, அந்த வயதும் இல்லை. ரெண்டு நாற்காலி, ரெண்டு சாயா, ஒரு மணிக்கூர் பேச்சு. கவுண்டமணி பேட்டி என்றாலே பிடிகொடுக்காத மனுஷர் என்பது ஊருக்கே தெரியும். ஸ்டூடியோவுக்கு வர மாட்டார் என்றால் கேமராவை அவர் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோங்கள்.

பயமும் இருக்கிறது. நம் சேனல்காரர்கள் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று கண்ணை மூடினாலே தெரிகிறது. கத்துகிற ஆங்கர் ஒருத்தர். தட்டில் வாழைப்பழத்தோடு ஒரு என்ட்ரி. கவுண்டமணி மாதிரி பேசுகிற ஆறு பேர், அவர் முன்னாலேயே. நடுவில் காலில் விழுதல், பியானோ இசை, கண்ணைத் துடைக்கிற ஜட்ஜை நாலு கோணத்தில் காட்டுதல். அதற்கு இப்படியே இருந்துவிடலாம்.

எனக்கு வேண்டியது வேறு. அந்த ஒரு மணிக்கூரில் செந்தில் பேச வேண்டும், கவுண்டமணி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மீம் போடுகிறவர்கள் எல்லாம் கவுண்டமணியைத்தான் கொண்டாடுகிறோம். அவர் மகாராஜாதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வாழைப்பழக் காட்சியை ஒருதடவை செந்திலை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். அந்த ஆள் ஏமாற்றுகிற முகம் வைப்பதே இல்லை. தான் சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்று நம்பி நிற்கிறார். கண்ணில் ஒரு துளி குறும்பு தெரிந்திருந்தால் கவுண்டமணியின் கோபத்துக்கு மதிப்பே இல்லை. 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் பெட்ரோமாக்ஸ் மேன்டிலை உடைக்கிறாரே, அங்கேயும் அதே முகம். அது எப்படி எரியும் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்த மாதிரி! அடிக்கிறவருக்கு எப்போது அடிக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். வாங்குகிறவர், அடி வரப்போவது தெரியாத மாதிரி நிற்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு டேக்கிலும். எது கஷ்டம் சொல்லுங்க?

இந்த ரெண்டு காட்சியையும் எழுதியவர் ஏ. வீரப்பன். அந்தப் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்? பேப்பரில் எழுதியது எவ்வளவு, ஸ்பாட்டில் இவர்கள் சேர்த்தது எவ்வளவு என்று அந்த ரெண்டு பேர் வாயால் தெரிய வேண்டும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கிற என் மகள் கேட்டது. "அவரு கறுப்பா, குண்டா இருக்காரு, அதுக்காவப்பா திட்டிட்டே இருக்காவ?" என்றாள். எனக்குச் சட்டென்று கோபம்தான் வந்தது. பிறகு பதில் வரவில்லை. சிரித்த எனக்கே பதில் இல்லை என்றால், வாங்கிய செந்திலிடம் ஏதாவது இருக்கும். வலித்ததா, "போடே, அது தொழிலு" என்பாரா? அதையும் மரியாதையாகக் கேட்கலாம்.

மலையாளத்துக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது நமக்குப் பழக்கம்தான், பக்கத்திலேயே இருக்கிறோமே. நாங்கள் ரெண்டு மொழிப் படமும் பார்த்து வளர்ந்தவர்கள். தாசனும் விஜயனுமாக மோகன்லாலும் சீனிவாசனும் 'நாடோடிக்காற்று' படத்தில் செய்த கூத்து 1987ல். 2022ல் ஒரு டிவி விருது மேடையில், உடம்பு முடியாமல் இருந்து தேறி வந்த சீனிவாசனை மோகன்லால் அணைத்து முத்தம் கொடுத்தார். வசனமே கிடையாது. அன்றைக்கு என் வாட்ஸ்அப் முழுக்க அந்தப் படம்தான்.

நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் போனது 1957ல். சென்னைக்கு டிவி வந்தது 1975ல். அவரையும், அவருக்கு ஜோடியாக நடித்த அவர் மனைவி மதுரம் அம்மாவையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்ல நம்மிடம் டிவியே இல்லை, அது யார் குற்றமும் இல்லை. இப்போது ஆளுக்கொரு கேமரா பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

இதை எல்லாம் நேற்று அம்மையிடம் புலம்பினேன். சீரியல் நேரத்தில் ரிமோட்டைத் தொட்டால் எங்கள் வீட்டில் சோறு கிடைக்காது. டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "ரெண்டுவேரும் ஒண்ணா வருவாவளா?"

"வந்தா நல்லாருக்கும்னு சொல்லுதேன்."

"அன்னைக்கு மட்டும் வேணா மாத்திக்கோ."