தெர்மாகோல் எரிமலையும் ஒரு நோட்டுப் புத்தகமும்

சனிக்கிழமை பள்ளிகளின் அறிவியல் கண்காட்சியில் நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும், அதன் வீடியோவும் சுற்றி வந்துவிட்டது. எரிமலை செய்து முதல் பரிசு வாங்கிய குழந்தை மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ப்ராஜெக்டாக எழுதிக் கொண்டுபோன நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "மாடல் எதுவும் செய்யலையா?" என்று கேட்டுவிட்டு நடுவர் நகர்ந்தாரே, அதுதான் வலிக்கிறது. "பாடம் நடத்த முடியாதவங்கதான் ப்ராஜெக்ட்னு பொழுது போக்குவாங்க" என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியதும், அதற்கு விழுந்த லைக்குகளும் அதைவிட வலிக்கின்றன.

அந்த நோட்டில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "எங்க தெரு போர்த் தண்ணியில சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது, மேலத்தெருவுல மட்டும் எப்படி நுரைக்குது?" நான் பதில் சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தார்கள். ஒரே அளவு தண்ணீரில் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை சொட்டில் நுரை நிற்கிறது என்று எண்ணினார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை இரவல் வாங்கி அளந்தார்கள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. எந்தத் தெரு எங்கே நிற்கிறது என்று ஊர் வரைபடத்தில் குறித்தார்கள். ஒரு பாட்டிலின் கணக்கு மட்டும் உதைத்தது. பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை என்று அவர்களே கண்டுபிடித்து மறுபடி அளந்தார்கள்.

இதுதான் ப்ராஜெக்ட். கேள்வி பிள்ளையுடையது, தேடலும் பிள்ளையுடையது, வேலை நடப்பது வகுப்பில். வீட்டில் அம்மா செய்து கொடுப்பது ப்ராஜெக்ட் இல்லை. கடையில் வாங்குவது ப்ராஜெக்ட் இல்லவே இல்லை.

என் அண்ணன் மகள் ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறாள். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸப் குரூப்பில் செய்தி வரும்: நாளைக் காலை காற்றாலை மாடல் கொண்டுவர வேண்டும். அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு கடை கடையாக அலைவார். அண்ணி ஃபெவிகாலும் கையுமாக நடுராத்திரி வரை உட்கார்ந்திருப்பார். குழந்தை தூங்கிவிடும். காலையில் மார்க் குழந்தைக்கு! வாங்கித் தர ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளை அன்றைக்கு வயிற்றுவலி என்று லீவு போட்டுவிடும். இதைப் பார்த்து வெறுத்துப்போன பெற்றோர் ப்ராஜெக்ட் என்றாலே திட்டுவதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கோபத்தை எங்கள் வகுப்பின் மேல் கொட்டாதீர்கள்.

"அந்த நேரத்தில் ரெண்டு பாடம் முடிச்சிருக்கலாமே?" சரி, முடித்திருக்கலாம். ஆனால் சொட்டு எண்ணும்போது அளவிடுதல் வந்தது. மூன்று முறை எண்ணியபோது சராசரி வந்தது, கணக்கு ஆசிரியர் அவராகவே வந்து உட்கார்ந்துகொண்டார். சோப்பு நுரைக்காத கடினநீர், அதில் கரைந்திருக்கும் கால்சியம், வரைபடம் எல்லாம் வந்தன. அப்புறம், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன். அவன் அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலை செய்கிறார். எத்தனை அடியில் என்ன பாறை வரும், எங்கே மண் மாறும் என்று அவன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் இந்த வண்டிகள் இல்லாத ஊர் உண்டா? அந்த அறிவுக்கு எந்தப் பரீட்சையில் மார்க் இருக்கிறது?

"இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன்" என்கிறவர்களுக்கு. அமெரிக்காவில் கில்பாட்ரிக் என்ற கல்வியாளர் இந்த ப்ராஜெக்ட் முறையைப் பற்றி 1918-இல் எழுதினார், உண்மை. ஆனால் கைத்தொழில் வழியாகக் கல்வி என்று காந்தி வார்தாவில் மாநாடு கூட்டியது 1937-இல். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-இலிருந்து நடக்கிறது. சொந்த ஊர்ப் பிரச்சினையைப் பிள்ளைகளே ஆராய வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. 2012-13-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆண்டை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, வகுப்பில் பிள்ளைகள் செய்வதைப் பார்த்து மதிப்பிடும் வளரறி மதிப்பீட்டுக்கென்றே 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். அருமையான ஏற்பாடு. அதைச் சார்ட் பேப்பராக மாற்றியது யார் என்று நாம் எல்லோரும் பேச வேண்டும்.

நாற்பத்தைந்து பேர் இருக்கும் வகுப்பில் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நேரம் வீணாகிறது என்று எங்களிடம் சொல்லாதீர்கள். பள்ளி விவரங்களைப் பதிவு செய்யும் அரசு இணையதளமான எமிஸில் ஏற்றியதையே திரும்ப ஏற்றி, சர்வர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அப்போது எத்தனை பாடம் போகிறது என்று ஒருவராவது கேட்டீர்களா? அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் சும்மா சம்பளம் வாங்குகிறவர் என்று முடிவு கட்டிவிட்டுத்தானே அந்த வீடியோவையே பார்த்தீர்கள்? பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து சொட்டு எண்ணினால் அது விளையாட்டு. அதையே ஏசி வகுப்பில், இங்கிலீஷில் செய்தால் இன்டர்நேஷனல் ஸ்கூல். இந்தப் பார்வை இருக்கிறதே, இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்னை விடுங்கள், எனக்குப் பழகிவிட்டது. திங்கட்கிழமை அந்தப் பெண் வந்து, "அடுத்த தடவை நாமளும் தெர்மாகோல்ல செஞ்சிடலாமா?" என்று கேட்டாள். லைக் போட்டவர்கள் யாராவது வந்து அவளுக்குப் பதில் சொல்லுங்கள். வரும்போது அந்த நோட்டையும் படித்துப் பாருங்கள், உங்கள் தெருத் தண்ணீரும் அதில் இருக்கிறது.