கேன்டர்பரிக்கு முதலில் வந்தது யார்?

நேற்று நேரலையில் ஒரு நண்பர், இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலய யாத்திரை 'ஒரு கொலையை வைத்துத் துறவிகள் போட்ட கடை', அங்கே போனது 'படிக்காத கூட்டம்' என்று உதிர்த்த முத்தையும், கீழே வரிசையாக விழுந்த சிரிப்புப் பொம்மைகளையும் பார்த்திருப்பீர்கள். நான் வாயைத் திறந்ததும் 'நேரமாச்சு' என்று முடித்துவிட்டார்கள். சரி, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

கேன்டர்பரி அப்படி ஒரு கடை இல்லை. மன்னர் இரண்டாம் ஹென்றியோடு மோதிய பேராயர் தாமஸ் பெக்கெட்டைப் பேராலயத்துக்குள்ளேயே மன்னரின் நான்கு வீரர்கள் வெட்டிச் சாய்த்தது 1170 டிசம்பர் 29 மாலை. வெட்டிய வேகத்தில் ஒருவனின் வாள்முனை தரைக்கல்லில் பட்டு ஒடிந்தது. அன்றைக்கே ஊர்ச்சனம் வந்து துணியை அந்த ரத்தத்தில் நனைத்து எடுத்துப் போனது. போப் புனிதர் பட்டம் கொடுத்தது 1173-ல். அந்த மன்னரே வெறுங்காலோடு வந்து, பரிகாரமாக முதுகில் அடி வாங்கிக்கொண்டது 1174-ல். வருஷத்தைப் பாருங்கள் ஐயா. முதலில் வந்தது சனம்.

துறவிகளா? கொன்ற தரப்பின் மிரட்டலுக்குப் பயந்து உடலை அவசரமாக நிலவறையில் அடக்கம் செய்துவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள். உயிரோடு இருந்த பெக்கெட்டை அவர்களில் பலருக்குப் பிடிக்கவே பிடிக்காது. உடலை வருத்திக்கொள்ள உள்ளே அவர் உடுத்தியிருந்த முரட்டு மயிர்ச்சட்டையைப் பார்த்த பிறகுதான் மனம் இளகினார்கள். அப்படிப்பட்டவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கடை போட்டார்களாம்!

'காசு வரவில்லையா?' வந்தது, யார் இல்லை என்றது? நோய் தீரும் என்ற நம்பிக்கையில் வந்தவர்களுக்கு, அவர் ரத்தம் கலந்த தண்ணீரைச் சின்ன ஈயக் குப்பிகளில் கொடுத்தார்கள். 1220-ல் பொன்னும் மணியுமாகச் சமாதிப் பீடம் எழுந்தது. எல்லாம் அப்புறம். சனம் வந்த அப்புறம்.

'நோய் தீர்ந்ததாகச் சொல்லும் அற்புதங்கள் நிஜமா?' நான் அதைப் பேசவே இல்லை. பேசவும் மாட்டேன்.

பின்னால் வந்த மன்னர் எட்டாம் ஹென்றி 1538-ல் பீடத்தையே இடித்துவிட்டார். இப்போது வெறும் தரையில் ஒரு மெழுகுவர்த்தி. அதற்கும் ஆட்கள் வருகிறார்கள். நுழைவுச் சீட்டு இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், கூரை ஒழுகினால் நீங்களா பார்ப்பீர்கள்?

லண்டன் சித்தியோடு நானும் போயிருக்கிறேன். சிகிச்சை நடந்துகொண்டிருந்த நேரம், தலையில் துணி கட்டியிருந்தார். நாங்கள் கிறிஸ்தவர்களும் இல்லை. யாத்திரிகர்கள் முழங்காலால் ஏறி ஏறி நடுவில் குழிந்துபோன படிகள் அங்கே உண்டு. சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து அந்தக் குழிவைத் தடவிப் பார்த்தார். என்ன வேண்டினார் என்று கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது?

நண்பரே, நேற்று 'படிக்காத கூட்டம்' என்றீர்களே, அதையும் சித்தி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஓய்வுபெறும்வரை இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். எண் தருகிறேன், அவரிடமே சொல்லிப் பாருங்கள்.