சரளைக் குழியில் நீர் இழப்பு உண்டு

'அமெரிக்காவின் கொலராடோவில் சரளைக் குவாரிக்காரர்கள் குழி நீரை இறைத்து ஆற்றிலேயே விடுகிறார்கள், அப்புறம் எதற்கு ஈட்டு நீர்?' என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். (ஈட்டு நீர் என்றால், இழந்த நீருக்கு ஈடாக ஆற்றுக்குத் தர வேண்டிய நீர்.) இறைத்து விடுவது பெரும்பாலும் ஆற்றுக்கே போகிறது, சரி. தோண்டியதும் நிலத்தடி நீர் வெயிலில் திறந்து கிடக்கிறதே, அந்த ஆவியாதல் எந்தக் கணக்கு? கழுவிய சரளை ஈரம் சொட்டச் சொட்டத்தான் லாரியில் ஏறுகிறது. தூசி அடங்கத் தெளிக்கும் நீரும் திரும்பாது. நிலத்தடி நீரைத் திறந்துவிடும் இத்தகைய குழியும் கிணறுதான் என்று 1988-இல் அம்மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது; ஆக, கிணற்றைப் போல இதற்கும் ஈடு செய்ய வேண்டும். குவாரியை மூடினாலும், மிஞ்சும் குளத்திலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை ஈடு செய்தாக வேண்டும். 1981-க்கு முன்பே திறந்து கிடந்த நீர்ப்பரப்பின் ஆவியாதலுக்கு மட்டும் விலக்கு உண்டு. சுற்றிலும் நீர் கசியாத சுவர் இறக்கிய குழி என்றால், நிலத்தடி நீர் உள்ளே வராது என்பதால் கதை வேறு.